உடல் பருமன் கவசமா, சுமையா? கிருமித்தொற்று சொல்லும் வரலாறு

"உடம்பில் நாலு பிடி சதை இருந்தால்தான் காய்ச்சலைத் தாங்கும்" என்பது நம் வீடுகளில் பாட்டிமார் சொல்லி வரும் பேச்சு. மெலிந்த பிள்ளையைக் கண்டால் கவலை. கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளையைக் கண்டால் நிம்மதி. இதைப் பாமரர் பேச்சு என்று எளிதாக ஒதுக்கிவிட முடியாது. நூறு ஆண்டுகளுக்கு முன்பு மேலை நாட்டு மருத்துவர்களும் காப்புறுதி நிறுவனங்களின் கணக்காளர்களும் ஏறக்குறைய இதே முடிவில்தான் இருந்தனர்.

அதே உடல் பருமன் 2009-லும் 2020-லும் உலகைச் சூழ்ந்த இரண்டு பெருந்தொற்றுகளில் உயிருக்கே உலை வைக்கும் அபாயமாக எழுந்து நின்றது. அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில், கடுமையான தொற்று கண்டு மருத்துவமனையில் கிடப்பவர்களில் பருமனானவர்களே அதிகம் பிழைக்கிறார்கள் என்று சொல்லும் ஆய்வுகளும் வெளிவந்தன. ஒரே உடலைப் பற்றி ஒன்றுக்கொன்று முரணான தீர்ப்புகள்! இவற்றில் எது உண்மை?

இந்தக் கேள்விக்கு விடை காண, சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டியுள்ளது.

காசநோய்க் காலத்துக் கணக்கு

காசநோய்க்குத் தமிழில் இருந்த பழைய பெயர் எலும்புருக்கி. வடமொழியில் க்ஷயம், அதாவது தேய்வு. ஆங்கிலேயரும் அதை உடலைத் தின்று தீர்க்கும் நோய் என்ற பொருள்படவே அழைத்தனர். நோயாளி நாளுக்கு நாள் மெலிந்து, எலும்பும் தோலுமாகி மடிவதைக் கண்ணால் கண்டவர்கள் வைத்த பெயர்கள் இவை. 1882 மார்ச் 24-ஆம் தேதி பெர்லின் நகரில் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்த ராபர்ட் கோக், மனித இனத்தில் ஏழில் ஒருவர் இந்நோயால் மடிவதாகத் தம் உரையில் சொன்னார்.

மருந்து இல்லாத அக்காலத்தில் மருத்துவர்கள் கையில் இருந்தவை மூன்றே மூன்று: ஓய்வு, தூய காற்று, கொழுத்த உணவு. அமெரிக்காவில் எட்வர்ட் ட்ரூடோ என்ற மருத்துவர், தாமே காசநோயால் பீடிக்கப்பட்டவர், 1884-இல் நியூயார்க் மாநிலத்தின் சாரனாக் ஏரிப் பகுதியில் ஒரு காசநோய் இல்லத்தை நிறுவினார். இத்தகைய இல்லங்களில் நோயாளிகளுக்குப் பாலும் முட்டையும் தாராளமாகக் கொடுக்கப்பட்டன. தராசு முள் ஏறினால் நோய் இறங்குகிறது என்று பொருள். எடை கூடுவதே குணமடைவதன் அடையாளமாக இருந்தது.

காப்புறுதி நிறுவனங்களும் அதையே கண்டன. 1885 முதல் 1908 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆயுள் காப்புறுதி எடுத்தவர்களின் உயரம், எடை, இறப்பு விவரங்களைத் திரட்டி 1912-இல் ஒரு பெரிய ஆய்வை அவை வெளியிட்டன. இளவயதினரில், சராசரியைவிடச் சற்று எடை கூடியவர்கள் மெலிந்தவர்களைவிட நன்றாகவே வாழ்ந்தனர். காரணம் வேறு எதுவுமில்லை. அந்த வயதில் உயிரைப் பறித்த முதன்மை நோய் காசநோய். அது மெலிந்தவர்களையே அதிகம் வாட்டியது. நடுத்தர வயதைக் கடந்த பிறகு இந்தக் கணக்கு தலைகீழானது. அங்கே இதய நோயும் சிறுநீரக நோயும் பருமனானவர்களைக் காத்திருந்து பிடித்தன.

ஆக, சதைப்பிடிப்பான உடல் ஒரு கவசம் என்ற எண்ணம் பொய்யாகப் பிறந்ததன்று. ஒரு குறிப்பிட்ட நோய் ஆட்சி செய்த ஒரு குறிப்பிட்ட காலத்தில் பிறந்த பாதி உண்மை அது.

சென்னையில் உடைந்த நம்பிக்கை

அந்தப் பாதி உண்மையை முதலில் அசைத்துப் பார்த்த இடங்களுள் ஒன்று சென்னை என்பது பலர் அறியாத செய்தி.

1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. 1952-இல் ஐசோனியாசிட் என்ற மலிவான மாத்திரை புழக்கத்துக்கு வந்தது. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை சேர்ந்து சென்னையில் ஒரு காசநோய் ஆய்வு நிலையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் அதற்குத் தலைமை ஏற்றார்.

அங்கே 193 ஏழை நோயாளிகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் காசநோய் மருத்துவமனையில் தங்கி, நல்ல உணவும் ஓய்வும் பெற்றனர். மற்றொரு பிரிவினர் நெரிசலான தம் வீடுகளிலேயே இருந்தபடி, கிடைத்ததை உண்டு, மாத்திரைகளை மட்டும் ஒழுங்காக விழுங்கினர். மருத்துவமனையில் இருந்தவர்களுக்கு எடை நன்றாக ஏறியது. வீட்டில் இருந்தவர்களுக்கு அவ்வளவாக ஏறவில்லை. ஆயினும், 1959-இல் முடிவுகள் வெளியானபோது இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தனர்!

உணவு வேண்டாம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. சரியான மருந்து, சரியான அளவில், சரியான காலம்வரை உடலுக்குள் போனால் எடை என்ற அடையாளம் இரண்டாம் இடத்துக்குப் போய்விடும் என்பதைக் காட்டியது. இந்தப் பாடம் அரை நூற்றாண்டுக்குப் பிறகு, மெலிந்தவர்களை விடுத்துப் பருமனானவர்களின் படுக்கையருகே மீண்டும் தேவைப்பட்டது.

மக்கள் கூட்டத்துக்காகப் பிறந்த எண்

பருமன் என்பதை எதைக் கொண்டு அளப்பது? இன்று ஆரம்பப் பள்ளி மாணவரும் அறிந்த பி.எம்.ஐ. என்னும் உடல் எடைக் குறியீட்டெண், மருத்துவர் ஒருவரின் கண்டுபிடிப்பு அன்று. பெல்ஜியத்தைச் சேர்ந்த வானியல், கணித அறிஞர் அடால்ஃப் கெத்லே 1832-இல் கண்டு சொன்ன கணக்கு அது. வளர்ந்த மனிதர்களின் எடை, அவர்களுடைய உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்றார் அவர். மனிதக் கூட்டத்தின் சராசரி இயல்பைப் படம் பிடிப்பதே அவருடைய நோக்கம். பருமனான ஒருவரின் நோயைக் கணிப்பது அவர் மனத்தில் இருக்கவில்லை.

நூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 1972-இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக உடலியல் அறிஞர் ஆன்சல் கீஸும் அவருடைய குழுவினரும் ஐந்து நாடுகளைச் சேர்ந்த 7,400-க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து, உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் கணக்குகளில் இதுவே எளிமையானது என்று முடிவு கட்டினர். இன்றைய பெயரை வைத்தவர்களும் அவர்களே. அவர்கள் ஆராய்ந்த அனைவரும் ஆண்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

கணக்கு எளிதுதான். கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுக்க வேண்டும். 1.65 மீட்டர் உயரமும் 75 கிலோ எடையும் உள்ள ஒருவருக்கு விடை சுமார் 27.5. அனைத்துலக அளவுகோலின்படி 25-ஐத் தாண்டினால் அதிக எடை. 30-ஐ எட்டினால் பருமன்.

ஆனால், ஆசிய உடல்களுக்கு இந்த அளவுகோல் பொருந்துமா என்ற ஐயம் எழுந்தது. குறைந்த எண்ணிலேயே ஆசியர்களுக்கு வயிற்றுக் கொழுப்பும் நீரிழிவும் வந்துவிடுவதை மருத்துவர்கள் கண்டனர். 2002 ஜூலை மாதம் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சிங்கப்பூரில் கூடி இதை விவாதித்தது. அனைத்துலக வரையறையை மாற்றாமல், ஆசிய மக்களுக்கு 23, 27.5 ஆகிய எண்களைக் கூடுதல் எச்சரிக்கை எல்லைகளாக அது முன்வைத்தது. 2005-இல் சிங்கப்பூர் இவற்றைத் தன் அளவுகோலாக ஏற்றது. மேலே சொன்ன 75 கிலோ மனிதர் லண்டனில் "சற்று எடை கூடியவர்". சிங்கப்பூரிலோ அதிக அபாயப் பிரிவின் வாசலில் நிற்பவர். உடல் ஒன்றுதான், தீர்ப்பு இரண்டு.

மிச்சிகனில் பத்துப் பேர்

2009 ஏப்ரலில் மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் புதியதொரு சளிக்காய்ச்சல் தலைகாட்டியது. எச்1என்1 என்றும் பன்றிக் காய்ச்சல் என்றும் அழைக்கப்பட்ட அந்நோய் மே மாதத்திலேயே மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து சேர்ந்தது. ஜூன் 11-ஆம் தேதி உலகச் சுகாதார நிறுவனம் அதைப் பெருந்தொற்றாக அறிவித்தது.

வழக்கமான சளிக்காய்ச்சலில் உயிரிழப்பவர்கள் பெரும்பாலும் முதியோர். எனவே முதியோர், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், ஈளை, இதய நோய், நீரிழிவு உள்ளவர்கள் ஆகியோரே அபாயப் பட்டியலில் இருந்தனர். உடல் பருமன் என்ற சொல் அப்பட்டியலில் தனியாக இடம்பெறவில்லை.

அந்த நிலையில்தான் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலிருந்து ஓர் அறிக்கை வந்தது. பல்கலைக்கழக மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில், மூச்சுத் திணறி உயிருக்குப் போராடிய பத்துப் பேரைப் பற்றிய சிறிய அறிக்கை அது. பத்துப் பேரில் ஒன்பது பேர் பருமனானவர்கள். அவர்களில் ஏழு பேருடைய குறியீட்டெண் 40-ஐயும் எட்டியிருந்தது. ஐந்து பேருக்கு நுரையீரல் இரத்தக் குழாயில் இரத்தக்கட்டி அடைத்திருந்தது. மூவர் இறந்தனர். 2009 ஜூலையில் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் இதை வெளியிட்டபோது மருத்துவ உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

பத்துப் பேரை வைத்து முடிவு கட்டலாமா என்று கேட்டவர்களுக்குக் கலிஃபோர்னியா மாநிலம் பதில் தந்தது. அங்கே எச்1என்1 கண்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அல்லது இறந்த பெரியவர்களில், உடல் அளவு தெரிந்த 534 பேரை ஆராய்ந்ததில் ஏறக்குறையப் பாதிப் பேர் பருமனானவர்கள். மிகக் கடுமையான பருமன் உள்ளவர்களுக்கு மரண அபாயமும் கூடியிருந்தது. 2010-இல், குறியீட்டெண் 40-ஐ எட்டியவர்களையும் சளிக்காய்ச்சல் தடுப்பூசி முன்னுரிமையில் சேர்க்க அமெரிக்க வல்லுநர் குழு பரிந்துரைத்தது. அபாயப் பட்டியலில் பருமனுக்கென்று தனி இடம் கிடைக்க ஒரு பெருந்தொற்று தேவைப்பட்டது என்றால் அது மிகையாகாது.

கொழுப்பு சும்மா கிடக்கும் சதையா?

ஏன் இப்படி நடக்கிறது? இதற்கான விடையின் ஒரு பகுதி அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்திருந்தது. நெடுங்காலமாக, உடற்கொழுப்பு என்பது மிஞ்சிய சக்தியைச் சேர்த்து வைக்கும் களஞ்சியம் என்றே கருதப்பட்டது. 1993-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் கோகன் ஹோட்டாமிஸ்லிகில், புரூஸ் ஸ்பீகல்மன் குழுவினர், அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற பொருளைக் கொழுப்புத் திசு தானே சுரப்பதாகக் கண்டனர். 1994-இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் லெப்டின் என்ற இயக்குநீரைக் கண்டுபிடித்தனர். பசியை அடக்கச் சொல்லி மூளைக்குச் செய்தி அனுப்பும் அந்த நீரும் கொழுப்பிலிருந்தே சுரக்கிறது. நோய் எதிர்ப்பு அணுக்களோடும் அது உறவாடுகிறது.

கொழுப்பு, வேலை செய்யும் ஓர் உறுப்பு என்பது தெளிவானது. அளவுக்கு மீறிப் பெருகும்போது உடலில் மெல்லிய அழற்சி ஓயாமல் கனன்றுகொண்டிருக்கும். கிருமி நுழையும்போது காவலர்கள் ஏற்கெனவே களைத்திருக்கிறார்கள்.

இத்தோடு எளிமையான காரணங்களும் உண்டு. மல்லாந்து படுக்கும்போது வயிற்றின் பாரம் உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. நுரையீரல் விரிய இடம் குறைகிறது. இரத்தம் கட்டிக்கொள்ளும் போக்கும் பருமனானவர்களுக்கு அதிகம். நீரிழிவு கூடவே இருந்தால் நிலைமை இன்னும் மோசம். காசநோயிலும் இது உண்மையே. எடை கூடக் கூடக் காசநோய் வாய்ப்புக் குறைகிறது என்று 2010-இல் வெளியான மதிப்பாய்வு ஒன்று காட்டியது. ஆனால், அதே எடையால் நீரிழிவு வந்துவிட்டால் காசநோய் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்காகிறது என்று 2008-இல் வெளியான மற்றொரு மதிப்பாய்வு சொன்னது. ஒரு கை கொடுப்பதை மறுகை பறித்துக்கொள்கிறது.

பிழைத்தவர்கள் யார்?

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் குழப்பம் வந்தது. சிறுநீரகச் சுத்திகரிப்பு செய்துகொள்பவர்களிலும் இதய நோயாளிகளிலும் பருமனானவர்களே அதிக நாள் வாழ்வதாக 1999-இலிருந்தே ஆய்வுகள் வந்துகொண்டிருந்தன. இதற்கு "பருமன் முரண்பாடு" என்ற பெயரும் ஏற்பட்டது. பின்னர் செப்சிஸ் நோயாளிகளிடமும் அதே முரண்பாடு தென்பட்டது. "இரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது" என்று பேச்சு வழக்கில் சொல்லப்படும் நிலை அது. தொற்றை எதிர்த்து உடல் காட்டும் எதிர்வினை கட்டுமீறிப் போய், உடலின் உறுப்புகளையே முடக்கிவிடுவதுதான் செப்சிஸ்.

2013-இல் வெளியான ஓர் ஆய்வு அமெரிக்கா, கனடா, சவூதி அரேபியா ஆகிய நாடுகளின் 28 மருத்துவ நிலையங்களில் கடும் செப்சிஸ் அதிர்ச்சி கண்ட 2,882 பேரை ஆராய்ந்தது. மேலோட்டமாகப் பார்த்தபோது பருமனானவர்களின் இறப்பு விகிதம் குறைவாகவே இருந்தது. ஆனால் வயது, தொற்றின் இடம், உடன் இருந்த நோய்கள், தரப்பட்ட சிகிச்சை ஆகியவற்றைக் கணக்கில் சேர்த்ததும் அந்த நன்மை கரைந்துபோனது. மறுபுறம், ஆறு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2016-இல் வெளியான மதிப்பாய்வில் இத்தகைய திருத்தங்களுக்குப் பிறகும் ஓரளவு நன்மை மிஞ்சியது. ஆகவே விவாதம் முற்றுப்பெற்றுவிட்டது என்று சொல்வதற்கில்லை.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த ஆய்வுகள் யாரை எண்ணின? ஏற்கெனவே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் வந்துவிட்டவர்களை மட்டுமே எண்ணின. புற்றுநோயாலோ நெடுநாள் நோயாலோ மெலிந்துபோனவர்களும் அங்கே "சரியான எடை" கொண்டவர்கள் கணக்கில் சேர்ந்துவிடுகிறார்கள். பருமனானவர்களோ பெரும்பாலும் வயதில் இளையவர்கள். இருவரையும் தராசில் வைத்தால் முள் எந்தப் பக்கம் சாயும்?

சரியான கேள்வி, மருத்துவமனைக்கு வெளியே இருக்கும் மக்களிடமிருந்து தொடங்க வேண்டும். நார்வே நாட்டில் 64,027 பேரைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2017-இல் வெளியானது. சரியான எடை உள்ளவர்களோடு ஒப்பிட்டால், இரத்தத்தில் கிருமித்தொற்று ஏற்படும் வாய்ப்பு, குறியீட்டெண் 30 முதல் 35 வரை உள்ளவர்களுக்கு 31 விழுக்காடும், 35 முதல் 40 வரை உள்ளவர்களுக்கு 87 விழுக்காடும் அதிகம். 40-ஐத் தாண்டியவர்களுக்கோ மூன்று மடங்கு.

கிணற்றில் விழுந்தவர்களில் எத்தனை பேர் நீந்திக் கரையேறினார்கள் என்று கேட்பது ஒரு கணக்கு. யார் யார் கிணற்றில் விழுகிறார்கள் என்று கேட்பது வேறு கணக்கு. முதல் கணக்கை மட்டும் பார்த்துக் கொழுப்பு நல்லது என்று ஆறுதல் அடைவது ஆபத்தில் முடியும்.

மருந்தின் அளவு என்ற மறந்த பாடம்

2013-ஆம் ஆண்டு ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. பருமனான நோயாளிகளுக்கு, அவர்களுடைய எடைக்கு ஏற்பக் கணக்கிட்டால், நரம்பு வழியாக ஏற்றப்பட்ட திரவமும் கிருமிக்கொல்லி மருந்தும் மற்றவர்களைவிடக் குறைவாகவே கொடுக்கப்பட்டிருந்தன. எல்லாருக்கும் ஒரே குப்பி, ஒரே அளவு என்ற பழக்கத்தின் விளைவு அது.

இது புதிய பிரச்சினையும் அன்று. 1989-இல் கனடாவில் ஃபோர்ஸ் என்ற அறுவை மருத்துவரும் அவருடைய குழுவினரும் மிகவும் பருமனான நோயாளிகளின் அறுவைக் காயங்களை ஆராய்ந்தனர். அறுவைக்கு முன் வழக்கமாகக் கொடுக்கும் 1 கிராம் செஃபசோலின் மருந்து அவர்களுடைய இரத்தத்திலும் கொழுப்பிலும் போதிய அளவை எட்டவில்லை. அளவை 2 கிராமாக உயர்த்தியதும் காயத்தொற்று 16.5 விழுக்காட்டிலிருந்து 5.6 விழுக்காடாக இறங்கியது. நோயாளியின் உடல் மாறவில்லை. மருந்தின் அளவு மட்டுமே மாறியது. சென்னைப் பாடத்தின் மறுபக்கம் இது.

திரவத்தை எடுத்துக்கொள்வோம். செப்சிஸ் சிகிச்சைக்கான 2016-ஆம் ஆண்டு அனைத்துலக வழிகாட்டி, முதல் மூன்று மணி நேரத்தில் கிலோ ஒன்றுக்கு 30 மில்லிலிட்டர் திரவம் ஏற்றச் சொன்னது. 70 கிலோ மனிதருக்கு அது 2.1 லிட்டர். 120 கிலோ மனிதருக்கு 3.6 லிட்டர். அவ்வளவையும் ஏற்றுவதா, உயரத்துக்கு உரிய எடையை வைத்துக் கணக்கிடுவதா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆனால், அவசரப் பிரிவில் நோயாளியை எடை போடாமலே, பார்வையால் மதிப்பிட்டுக் கணக்குப் போட்டால் எந்த வழிகாட்டியும் பயன்படாது.

தடுப்பூசியின் கதையும் இதுவே. 1985-இல் அமெரிக்காவில் மருத்துவமனை ஊழியர்களுக்கு ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி போட்டபோது, பருமனானவர்களின் உடலில் எதிர்ப்பாற்றல் சரியாக உருவாகவில்லை. புட்டத்தில் போட்ட ஊசி தசையை எட்டாமல் கொழுப்பிலேயே தங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. தோள் தசையில் போடுவதும், உடலுக்கு ஏற்ற நீளத்தில் ஊசியைத் தேர்ந்தெடுப்பதும் பின்னர் வழக்கமாயின. சளிக்காய்ச்சல் தடுப்பூசியால் உண்டாகும் எதிர்ப்பாற்றல், பருமனானவர்களுக்கு ஓராண்டுக்குள் மற்றவர்களைவிட வேகமாகக் குறைவதாக 2012-இல் அமெரிக்காவின் வட கரோலைனாவில் நடந்த ஆய்வு காட்டியது. இதனால் தடுப்பூசி வீண் என்று பொருளில்லை. ஆண்டுதோறும் தவறாமல் போட்டுக்கொள்ள அவர்களுக்குக் கூடுதல் காரணம் உண்டு என்றே பொருள்.

கோவிட் மீண்டும் எழுப்பிய மணி

2020-இல் கோவிட்-19 வந்தபோது மிச்சிகன் காட்சி உலகெங்கும் பெரிதாகத் திரும்பியது. பிரான்சின் லீல் நகரில் பிப்ரவரி இறுதி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை தீவிர சிகிச்சைக்கு வந்த 124 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேர் பருமனானவர்கள். குறியீட்டெண் 35-ஐத் தாண்டியவர்களில் 85 விழுக்காட்டினருக்கும் மேல் சுவாசக் கருவி பொருத்த வேண்டியதாயிற்று. இங்கிலாந்தில் ஒரு கோடியே எழுபது லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை வைத்து நடந்த ஆய்வு, குறியீட்டெண் 40-ஐ எட்டியவர்களுக்கு வயது, பிற நோய்களைக் கழித்துப் பார்த்தாலும் கோவிட் மரண அபாயம் ஏறக்குறைய இரு மடங்கு என்று கண்டது.

அந்நாட்டின் அன்றைய பிரதமர் போரிஸ் ஜான்சனே 2020 ஏப்ரலில் லண்டன் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். உயிர் பிழைத்து வந்தபின், தாம் அளவுக்கு மீறிப் பருத்திருந்ததை வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டு ஜூலையில் அவருடைய அரசு பருமனுக்கு எதிரான திட்டத்தை அறிவித்தது.

இம்முறை பட்டியல் காத்திருக்கவில்லை. மலேசியாவில் 2021 பிப்ரவரியில் தொடங்கிய தேசியத் தடுப்பூசித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்திலேயே, முதியோரோடும் நீரிழிவு, இரத்த அழுத்த நோயாளிகளோடும் சேர்த்துப் பருமனானவர்களுக்கும் முன்னுரிமை வழங்கப்பட்டது. 2009 கற்றுத் தந்தது 2021-இல் கைகொடுத்தது.

எண்ணுக்கு அப்பால் இருக்கும் மனிதர்

மலேசியாவின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, 2019-இல் நாட்டின் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள். 2023-இல் அது 54.4 விழுக்காடாக உயர்ந்தது. இது 25, 30 என்ற அனைத்துலக எல்லைகளை வைத்துப் போட்ட கணக்கு. 23, 27.5 என்ற ஆசிய எல்லைகளை வைத்தால் தொகை இன்னும் கூடும். இந்திய சமூகத்தினரிடையே இவ்விகிதம் உயர்ந்து நிற்பதும், நீரிழிவு அதனோடு கைகோத்து வருவதும் தெரிந்ததே. அடுத்த பெருந்தொற்று எந்தக் கிருமியால் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால், அது யார் வீட்டுக் கதவை முதலில் தட்டும் என்பதை ஓரளவு சொல்லிவிடலாம்.

அதற்காகப் பருமனானவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது மருத்துவமும் ஆகாது, மனிதாபிமானமும் ஆகாது. "இவ்வளவு சாப்பிட்டால் இப்படித்தான்" என்று உறவினர் கூட்டத்திலும் கிளினிக் வரிசையிலும் பேச்சு வாங்கியவர், மூச்சு வாங்கும்போதுகூட மருத்துவரிடம் போகத் தயங்குவார். செப்சிஸ் நோயில் அந்த ஒரு நாள் தயக்கமே உயிரைக் குடித்துவிடலாம். மரபணு, வேலை நேரம், தூக்கம், மலிவாகக் கிடைக்கும் இனிப்புப் பானம், நடக்க இடமில்லாத சாலை என்று பருமனுக்குப் பல வேர்கள் உண்டு.

2025 ஜனவரியில் மருத்துவ இதழ் ஒன்று அமைத்த அனைத்துலக வல்லுநர் ஆணையம், பி.எம்.ஐ. எண்ணை மட்டும் வைத்து ஒருவருடைய நோயை முடிவு செய்யக்கூடாது என்று அறிவித்தது. இடுப்புச் சுற்றளவையும், உறுப்புகள் பாதிக்கப்பட்டிருக்கின்றனவா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றது. கெத்லேயின் எண் மக்கள் கூட்டத்துக்காகப் பிறந்தது என்பதை மருத்துவ உலகம் நினைவுகூர்ந்த தருணம் அது.

நோயாளியும் குடும்பத்தாரும் செய்யக்கூடியவை சில உண்டு. காய்ச்சலோடு மூச்சுத் திணறல், மனக்குழப்பம், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் எது கண்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்கே நோயாளியின் உண்மையான எடையையும் உயரத்தையும் தயங்காமல் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் எடை பார்க்கும்படி தாதியரிடம் கேட்க வேண்டும். சளிக்காய்ச்சல் தடுப்பூசியை ஆண்டுக்கொரு முறை போட்டுக்கொள்ள வேண்டும். இனிப்புநீர் இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ள வேண்டும். எடையைக் கொஞ்சம் குறைத்தாலும் அது நீரிழிவைத் தள்ளிப்போட உதவும்.

பாட்டிமார் சொன்ன நாலு பிடி சதை, எலும்புருக்கி ஊரை ஆண்ட காலத்தில் ஓரளவு உண்மை. இன்று உடலைக் காப்பவை வேறு: காலத்தோடு போட்ட தடுப்பூசி, காலம் தாழ்த்தாத சிகிச்சை, உடலுக்கு ஏற்ற மருந்தளவு, நோயாளியைக் கேலி பேசாமல் நடத்தும் மருத்துவமனை. இந்நான்கும் மெலிந்தவருக்கு எவ்வளவு உரியவையோ, பருத்தவருக்கும் அவ்வளவே உரியவை.